வாழைக்கு அடியில் புதைத்த வார்னிஷ்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் குடியிருக்கும் ஜேசுபாதம் குமாரர் கிருபாநிதி, வயது 44, உயர்நிலைப்பள்ளி ஓவிய ஆசிரியர், 1975ஆம் வருஷம் ஜூலை மாதம் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். என் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் மது தொட்டதில்லை. என் மனைவி ஜீவமணி எங்கள் சபையில் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறார். என் வீட்டுப் பின்பக்கம் சாராயப் பாட்டில்கள் எடுத்ததாக ஊரில் பேசுகிறபடியால் இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் துறைமுகத்துப் படகுகளை வருஷக்கணக்காகப் படம் வரைந்து, கடைசியில் சொந்தமாக ஒன்று செய்துவிடுவது என்று போன வருஷம் ஆரம்பித்தேன். அயினிப் பலகையில் சிறிய படகு. பின்பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறது, அதிகாரிகள் பார்த்தார்கள். இங்கே சங்கு குளிக்கப் போகிற வள்ளங்களுக்கு மீன் எண்ணெய்தான் பூசுகிறார்கள். அந்த வாடை வீட்டுக்குள் வந்தால் தான் நாசரேத்துக்குப் போய்விடுவதாக என் மனைவி சொன்னதால் வார்னிஷ் பூச முடிவு செய்தேன்.

அதன் பிறகு பெயிண்ட் கடையில் இரண்டு வகை வாங்கி வந்து மிச்சப் பலகைகளில் பூசிப் பார்த்தேன். ஸ்பிரிட் வார்னிஷ் பூசிய கையோடு காய்ந்து கண்ணாடி போல இருந்தது. கடல் தண்ணீரில் போட்டதும் பால் கொட்டியது போல வெளுத்துவிட்டது. அதை மேசை நாற்காலிக்கு என்று ஒதுக்கினேன். எண்ணெய் வார்னிஷ் காய்வதற்குள் எறும்பும் தூசியும் ஒட்டி என் பொறுமையைச் சோதித்தது. காய்ந்த பிறகு வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்குமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதனால் படகில் பூசாமல் தள்ளிப்போட்டு வந்தேன்.

திறந்த டின்னில் வார்னிஷ் ஏடு கட்டிவிடும் என்பதால் இரண்டையும் சர்பத் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பித் தக்கை அடைத்து வைத்தேன். கொட்டகை தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். அடுக்களையில் வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். ஆகவே குளிக்கிற தண்ணீர் போய்ப் பாய்கிற வாழைக்கு அடியில், ஈர மணலில் புதைத்து வைத்தேன். குளிர்ச்சிக்காகச் செய்த காரியம். மதுவிலக்கு திரும்பவும் வந்த பிறகு ஒருவன் மண்ணில் பாட்டில் புதைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

அதன் பிறகு சென்ற சனிக்கிழமை மத்தியானம் நான் துடுப்பு இழைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து, "ஏங்க, வாழை மூட்டுல யாரோ தோண்டியிருக்காவ, ஒரு பாட்டிலக் காணல" என்றார். நான் போய் மற்றப் பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். நான் அழகாக எழுதி ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஈரத்தில் உரிந்து மணலோடு கிடந்தது. போனது எந்த வார்னிஷ் என்று தெரியவில்லை. ஸ்பிரிட் வார்னிஷில் சேர்க்கிற ஸ்பிரிட் விஷம். அதைக் குடித்துக் கண் போனவர்களையும் உயிர் போனவர்களையும் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் உப்பளக் காவல்காரர் பேச்சிமுத்து குடியிருக்கிறார். நல்ல மனிதர், மதுவிலக்கு வந்ததிலிருந்து முகம் வாடிப்போனவர். நான் சுவரைத் தாண்டிக் குதித்து அவர் மனைவி சீனித்தாயிடம் கேட்டேன். "ஒரு பாட்டில மடியில வச்சிக்கிட்டு மாடசாமி கோயில் பக்கம் போனாவ சார்வாள், என்னன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தாவ" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் சீனித்தாய் தலையில் அடித்துக்கொண்டு அலறினார். அந்த அலறலில்தான் தெருவே கூடி, பாட்டில்களைப் பார்த்து, காவல் நிலையத்துக்கும் ஆள் போயிருக்கிறது.

அதன் பிறகு நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்து வரப்பு வழியாக, மாடசாமி என்று இவர்கள் கும்பிடுகிற சுடலைமாடன் பீடத்துக்குப் போனேன். உடைமரத்துக்குப் பின்னால் பேச்சிமுத்து பீடத்தின் முன் குப்புறக் கிடந்தார். ஆள் முடிந்துவிட்டார் என்றே நினைத்தேன். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடித் தோளைப் பிடித்துப் புரட்டினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அழுதார்.

"சார்வாள், சாமி வாங்க மாட்டேங்குதே. ஊத்துனது உள்ள எறங்காம அப்படியே பளபளன்னு நிக்கி. நான் என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியலியே" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டுத்தான் விழுந்து கிடந்திருக்கிறார்.

"ஏலே, நீ குடிச்சியா இல்லியா, அத மொதல்ல சொல்லு" என்றேன்.

"சாமிக்கு வைக்காம நான் எப்படி சார்வாள் குடிப்பேன்?" என்றார்.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். பீடத்தில் ஊற்றியது போக மீதி அப்படியே இருந்தது. எண்ணெய் வார்னிஷில் கலக்கிற டர்பன்டைன் வாடை அடித்தது. சீமைச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்தாராம். எடுத்தது எண்ணெய் வார்னிஷ், அதையும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். எந்தச் சந்நிதியில் இருந்து சொல்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது காவலர்கள் பாட்டில்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீனித்தாய் புருஷனைக் கட்டிப்பிடித்து அழுது, அது முடிந்ததும் விளக்குமாற்றை எடுத்தார். அதற்கு மேல் நடந்ததற்கு நான் சாட்சி இல்லை.

நேற்று நான் மறுபடியும் பீடத்துக்குப் போய்ப் பார்த்தேன். அடிக்கிற வெயிலுக்கும், உப்புக்காற்றுக்கும், பேச்சிமுத்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதற்கும் வார்னிஷ் வெளுக்கவில்லை, உரியவில்லை. என் பலகைத் துண்டு எதுவும் சொல்லாததை அது சொல்லிவிட்டது. படகுக்கு அதையே பூசுவதாக இருக்கிறேன். ஆகவே பாட்டில்களைத் திருப்பித் தரும்படி வேண்டுகிறேன். இனிமேல் டின்னிலேயே வைத்து, பெயரைப் பெயிண்டால் எழுதி, பெட்டியில் பூட்டி வைப்பேன்.

பேச்சிமுத்து மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. திருட்டு என்று எழுத வேண்டாம். அந்தப் பாட்டிலை நானே மாடசாமிக்குக் கொடுத்ததாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படி எழுதினால் சபையில் கேட்பார்களே, என்ன சொல்வது என்று என் மனைவி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஜே. கிருபாநிதி