மூன்று துளைகள் உள்ளன

எனக்கு நாட்காட்டி என்றால் கொள்ளைப் பிரியம். வருடம் பிறந்தால் மற்றவர்கள் புதுச் சட்டை வாங்குவார்கள். நான் சுவரில் மாட்டுகிற பெரிய நாட்காட்டி ஒன்றும், பச்சைப் பென்சில் ஒன்றும், சிவப்புப் பென்சில் ஒன்றும் வாங்குவேன். விடுமுறை நாட்களுக்குப் பச்சை. சிவப்பு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் எனக்குக் 'காலண்டர் சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது.

நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரும்படி விசாரணைக் குழுவினர் நீங்கள் மூவரும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே வார்த்தையைச் சொல்லி அடுத்தவர்களிடம் வெள்ளைத் தாளை நீட்டியவன் நான். இன்று தாள் என் பக்கம் திரும்பியிருக்கிறது. கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மாணவர் சங்கங்களின் ஒழுங்குப் பிரிவு என் பொறுப்பு. எங்களிடம் நாற்பத்து மூன்று சங்கங்கள். புதிதாகச் சேர வரும் பிள்ளைகளை எந்தச் சங்கமாவது படுத்தி எடுத்தால் புகார் என் மேசைக்கு வரும். முப்பது நாளுக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். தவறு உறுதியானால் சங்கத்தை இத்தனை நாள் என்று இடைநிறுத்துவேன், அன்றே தண்டனை தொடங்கிவிடும். அது முடியும்வரை அந்தச் சங்கத்தின் பெயர் பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் ஒரு பட்டியலில் தொங்கும். தண்டனை முடிந்த மறுநாள் பெயரை எடுத்துவிடுவோம். இந்த விதிகள் எதையும் நான் எழுதவில்லை.

பெற்றோர் அந்தப் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அதில் ஒரு பெயர் இருந்தால் போதும், துணைவேந்தர் அறையில் தொலைபேசி அலறும், அங்கிருந்து என் அறையில் அலறும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புகார், தற்செயலாக, நீண்ட விடுமுறைக்குச் சில நாள் முன்பு முடிவுக்கு வந்தது. நாற்பத்தைந்து நாள் இடைநிறுத்தம். பல்கலைக்கழகம் மறுபடி திறந்தபோது பட்டியல் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. யாரும் கத்தவில்லை. துணைவேந்தர் வழியில் பார்த்து என் தோளில் தட்டினார்.

அப்புறம் நான் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். விடுமுறைக்கு முந்தைய மாதத்தில் வருகிற புகார்களை முப்பது நாளுக்கு இழுத்து, பச்சைக் கட்டங்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அந்தக் கட்டங்களின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். மற்ற மாதங்களில் புகார் கொண்டுவருகிற பிள்ளைகளை உட்கார வைத்துத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பேன். மனம் விட்டுப் பேசுவேன். பெரும்பாலும் தேநீர் ஆறுவதற்குள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நல்ல பிள்ளைகள்.

என் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அம்மா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் தட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏன் சார், கடையே மூடிக் கிடக்கிற நாளாப் பாத்துக் கடையை மூடச் சொல்றீங்களே, இது என்ன தண்டனை?"

"தண்டனை தண்டனைதாம்மா. நாள்ல என்ன இருக்கு?"

"அது சரி. எனக்கும் ஒருநாள் இப்படி ஒரு தண்டனை குடுங்க. நானும் ஊருக்குப் போய்ட்டு வரேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நேற்று உங்கள் முன்னால் அவர் இதைச் சொன்னபோது ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று அவரும்தான் சிரித்தார்.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நாடகச் சங்கத்தில் உடைகள் வைக்கிற மரப்பெட்டி ஒன்று உண்டு. ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். சங்கத்தில் சேர வருகிறவர் அதற்குள் உட்கார்ந்து, மூடியைப் பூட்டிய பிறகு, நாற்பது வரி வசனம் ஒன்றைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வரி தவறினால் முதலிலிருந்து. நாற்பதும் முடிந்தால்தான் பூட்டு திறக்கும். நான் சொன்ன முதல் புகார் இந்தப் பெட்டியைப் பற்றியதுதான். ஒரு பெண் மூடியைப் பிறாண்டி இரண்டு நகங்களை இழந்திருந்தாள். அந்தச் சங்கம் எங்களுக்கு வருடா வருடம் கோப்பை கொண்டுவருகிற சங்கம், பெட்டியை உடைக்கச் சொன்னால் ஊரே திரண்டு வரும். அதனால் பக்கவாட்டில் காற்றுக்கு மூன்று துளைகள் போட வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். போட்டார்கள்.

போன வருடம் ஒரு பையன் உள்ளேயே மயங்கிவிட்டான். அறுபது நாள், அத்தனையும் பச்சை. துளைகள் இருக்கின்றனவா என்று பார்க்க நானே நேரில் போனேன். 'பெட்டியில் மூன்று துளைகள் உள்ளன' என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த வருடம் என் தங்கை மகள் எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். வீட்டில் அவளை 'ரேடியோ' என்போம். காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்வரை மூடமாட்டாள். அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் நான். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. இருந்த பாசத்தையெல்லாம் அவளிடம்தான் கொட்டினேன். சேர்வதற்கு முன் தங்கை தொலைபேசியில் கேட்டாள்:

"அண்ணா, இவ நாடகம் நாடகம்னு குதிக்கிறா. அந்தச் சங்கம் பரவால்லயா? சின்ன வயசுலேர்ந்து வீசிங் வேற இருக்கு, உனக்குத் தெரியாததில்ல."

"இணையத்துல பட்டியல் இருக்கு, பாரு. ஒரு பேர் இருக்கா?"

"ஒண்ணுமே இல்லண்ணா. சுத்தமா இருக்கு."

"அப்புறம் என்ன?"

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை, ரேடியோ என் அறைக்கு வந்தாள். என் தேநீரை எடுத்துக் குடித்தாள், நான்கு பிஸ்கட்டைக் காலி செய்தாள், பச்சைப் பென்சிலை எடுத்து நாட்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அன்று அவளுடைய முதல் நாடகமாம். வேலை நாளில் பச்சை போடாதே என்று அதட்டினேன். அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"மாமா, நாளைக்கு எனக்குப் பெட்டி."

"சபாஷ். வசனம் மனப்பாடமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்வேன். அதில்ல மாமா. உள்ள காத்து வருமா? இன்ஹேலரை உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதாம். கையில ஒண்ணுமே இருக்கக் கூடாதாம். எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு." பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள். "பேசாம உங்ககிட்ட ஒரு புகார் எழுதிக் குடுத்துரட்டுமா? நிறுத்திருவாங்கல்ல?"

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அடுத்த பச்சைக்கு ஏறக்குறைய ஒன்பது வாரம் இருந்தது. முப்பது நாளை எப்படி இழுத்தாலும் எட்டாது. ஆறு வாரத்தில் பெற்றோர் வருகை நாள் வேறு. அன்றைக்குப் பட்டியலில் நாடகச் சங்கத்தின் பெயர் இருக்கும், புகார் கொடுத்தது ஒழுங்கு அதிகாரியின் தங்கை மகள் என்று எல்லோரும் பேசுவார்கள். ஆறு வருட உழைப்பு. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"மூணு ஓட்டை இருக்குடா கண்ணு. மாமாதான் போட வச்சேன்."

"நிஜமா?"

கோப்பிலிருந்து என் குறிப்பை எடுத்துக் காட்டினேன். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தாள்.

"நீங்களே பாத்துட்டீங்கன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டு மீதி பிஸ்கட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம் ஒத்திகைக் கூடத்தில் அவள் முறை. வெளியே பதினோரு பேர் நின்றிருந்தார்கள். குரல் கணீரென்று கேட்டது என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பதாவது வரியில் தவறி, முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாவது தடவை முப்பத்தொன்றாவது வரிவரை வந்தாள். அப்புறம் மூச்சு இழுக்கிற சத்தம், மூடியில் தட்டுகிற சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. வரியை மறந்துவிட்டாள், யோசிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். "செமையா நடிக்கிறா," என்று ஒருத்தி சொன்னாளாம். ரேடியோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு அவளை ஐந்து வாரம்தான் தெரியும். இன்ஹேலர் ஒப்பனை மேசைமேல் இருந்தது.

தங்கை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோது தட்டச்சு அம்மாதான் எடுத்தார். "சார், உங்க தங்கச்சி. பாப்பா போயிட்டாளாம் சார்," என்று ரிசீவரை நீட்டினார். ஒரு நிமிடம் என்று கை காட்டிவிட்டு, நான் சிவப்புப் பென்சிலோடு நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றேன். முப்பது நாளை எண்ணினேன். சங்கத் தலைவனின் வாக்குமூலத்தில் கையெழுத்து விட்டுப்போயிற்று என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு வாரம் கிடைக்கும். மருத்துவ அறிக்கை தாமதமானால் மேலும் இரண்டு வாரம். அப்படியும் எட்டவில்லை. திரும்பத் திரும்ப எண்ணினேன். தொலைபேசியை எடுத்தபோது தங்கை அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தட்டச்சு அம்மா ஆறு நிமிடம் என்கிறார், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் இறுதிச் சடங்கு முடிந்து அலுவலகம் வந்ததும் அந்தப் பச்சை வட்டத்தை ரப்பரால் அழித்தேன். அது வேலை நாள்.

நீங்கள் நேற்று ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். துளைகளை நான் எப்படிப் பரிசோதித்தேன் என்று. இதை மறைக்க நான் எப்போதும் நினைத்ததில்லை, யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். போன வருடம் போனபோது ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். துணி தட்டுப்பட்டது. ஏதோ நாடகத்துக்காகப் பெட்டியின் உட்புறம் முழுக்கத் தடித்த வெல்வெட் துணி ஒட்டியிருந்தார்கள். மற்ற இரண்டிலும் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் துணிதான். புதன்கிழமை காலையில் அவள் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்திருந்தபோது என் சுண்டுவிரலுக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் நான் எழுதியதைப் பாருங்கள். மூன்று துளைகள் உள்ளன என்றுதான் எழுதியிருக்கிறேன். மூன்று துளைகள் இருந்தன.

காற்று வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை அனுப்பினேன். ஒப்புக்கொள்கிறேன்.

தண்டனை பற்றி ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். இன்று வெள்ளிக்கிழமை. வருகிற திங்கட்கிழமை நீண்ட விடுமுறை தொடங்குகிறது, இரண்டு மாதம் முழுக்கப் பச்சை. என்னை இடைநிறுத்துவதென்றால் அன்றிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் சிரமமிருக்காது. தங்கை என்னோடு பேசி ஐம்பத்தேழு நாள் ஆகிறது. அவளுக்கும் சேர்த்து நாட்காட்டியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் திறக்கிற அன்று காலை அவள் கூப்பிடுவாள்.