கண்ணேறுக்குப் பயந்து சொன்ன சொல்

விழாத் தலைமையை விரும்பி ஏற்றிருக்கும் பெரியவர் கோட்டைச்சாமி அவர்களே, வியாபாரியென்றும் பாராமல் என்னை மேடையேற்றிய தலைமையாசிரியர் அவர்களே, வானத்தையும் வரப்பையும் நம்பி வாழும் திருச்சுழிச் சீமையின் உழவர் பெருமக்களே, பருத்தி எடுத்த களைப்போடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மேடைக்கு முன்னே முண்டியடிக்கும் மாணவச் செல்வங்களே! பாளையம்பட்டிப் பருத்தி வியாபாரி பொன்னுச்சாமியின் பணிவான வணக்கம்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இருக்கிறது. மட்டம் தட்டுவதே என் தொழில். வெள்ளை வெளேரென்று வெடித்த பருத்தியைக் கையில் அள்ளி, "தூசி, ஈரம், இதை எவன் வாங்குவான்" என்பேன். சிரிக்காதீர்கள். சிரிப்பவர்களில் பாதிப்பேர் எனக்குச் சரக்குப் போட்டவர்கள். நான் பழித்ததால் பருத்தி வாடியதா? வெண்மை குன்றியதா? இல்லை. பருத்திக்குக் காது கிடையாது. பிள்ளைக்கு உண்டு.

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வீரபத்திரன் என்றொரு சம்சாரி. சொந்தக் காடு, சொந்தக் கிணறு. முதலில் பிறந்த இரண்டும் கைக்குழந்தையிலேயே போய்விட, மூன்றாவதாகத் தங்கிய ஒரே மகள் ஜக்கம்மாள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர் பிள்ளையைப் புகழ்ந்தால் பெற்றவர் பழிக்க வேண்டும்; இல்லையென்றால் கண் பட்டுவிடும். "மக லட்சணமா இருக்காளே" என்பார்கள். "எங்கிட்டு? கரிக்கட்டை. ஒண்ணுக்கும் ஆகாதது, சும்மா தின்னுட்டுத் திரியுது" என்பார் வீரபத்திரன். சொன்னவர் நெஞ்சில் பாசம். கேட்டவளுக்கு நெஞ்சு தெரியுமா? நினைப்பு தெரியுமா? சொல் ஒன்றுதான் தெரியும்.

போன வருஷம், அறுபத்தெட்டு மாசி மாதம், சரக்கு ஏற்ற லாரியோடு அவர் வீட்டுக்குப் போனேன். பருத்திக் குவியலுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை சுருண்டு கிடந்தது. தொட்டால் உடம்பு கொதிக்கிறது. பாவாடையை விலக்கிப் பார்த்தால் கால் வீங்கிக் கறுத்திருக்கிறது. கருவேல முள் ஏறிப் பல நாளாகியும் யாரிடமும் சொல்லாமல் நொண்டி நொண்டிப் பருத்தி எடுத்திருக்கிறாள். லோடை நிறுத்திவிட்டு, தகப்பனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு லாரியை விட்டோம்.

டாக்டர் சீழைக் கீறி எடுத்து ஊசி போட்டார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா காலை எடுத்திருக்கணும்" என்றார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "ஏம்மா, வீட்டுல சொல்லல?" என்று கேட்டார்.

"பருத்தி எடுக்கிற நேரம். சொன்னா அய்யா வண்டி கட்டித் தூக்கிட்டு அலையணும். நான் ஒண்ணுக்கும் ஆகாதவதான, எதுக்கு வேலையைக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

அழுது சொல்லவில்லை. கோபித்துச் சொல்லவில்லை. ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

வீரபத்திரன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கண்ணு பட்டுறக் கூடாதேன்னுல்ல தாயி அப்படிச் சொன்னேன். நீ எனக்குத் தங்கமில்ல. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மகள் தகப்பன் முகத்தையே பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "டாக்டரய்யா, நான் செத்துருவேனா?" என்று கேட்டாள்.

பெரியோர்களே, எண்ணிப் பாருங்கள். பெற்ற தகப்பன் புகழ்ந்தால் சாவு வந்துவிட்டது என்று ஒரு பிள்ளை பயப்படுகிறது. எந்தக் கண் பட்டது அந்தப் பிள்ளைமேல்? எந்தக் காற்று, எந்தக் கருப்பு அடித்தது அதை?

"இனிமே தினமும் புகழ்ந்து பேசுறேன்" என்றார் வீரபத்திரன். "வேண்டாம்" என்றார் டாக்டர். "இப்ப நம்ப மாட்டா. அவ பேச வந்தா, கையில இருக்கிற வேலையை நிறுத்திட்டுக் கேளுங்க. மத்தவங்க முன்னால மட்டம் தட்டாதீங்க."

வேலை கெடுமே என்கிறார் இந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர். கெடும் அய்யா. கெடட்டும். காடு அடுத்த மழைக்குத் திரும்பவும் விளையும்.

இந்த மாசியிலும் போனேன். நிறுவை நடக்கிறது. நான் வழக்கம்போலப் பருத்தியைப் பழிக்கிறேன்; அவர் வழக்கம்போல என்னோடு மல்லுக்கு நிற்கிறார். ஜக்கம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அய்யா, எனக்குப் பசிக்குது. உங்க கூடத்தான் சாப்பிடுவேன். எந்திரிச்சு வாங்க."

தராசை அப்படியே விட்டு எழுந்தார் வீரபத்திரன். "அண்ணாச்சி, செத்த இருங்க. மக கூப்பிடுறா, போயிட்டு வாரேன்."

லாரி நின்றது. டிரைவர் முணுமுணுத்தார். நான் வெயிலில் காத்துக் கிடந்தேன். தன் வலியைக்கூட வாய் திறந்து சொல்லாத பிள்ளை, அத்தனை பேர் வேலையையும் நிறுத்தித் தன் பசியைச் சொல்லிவிட்டது. எனக்கு அன்று நிறைவாக இருந்தது.

தாய்மார்களே, திருஷ்டிப் பொட்டு வைப்பதை நான் தடுக்கவில்லை. கன்னத்தில் வையுங்கள், காலில் வையுங்கள். பிள்ளையின் மனசில் மட்டும் அந்தக் கரியைப் பூசாதீர்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்.