“படுடீ” என்று கத்தியவள்

“படுடீ!”

படுத்துவிட்டேன். தரை ஈரம். மேலே ஒரு விசில். பிறகு அமைதி. அந்த அமைதிதான் பயம். பிறகு கட்டடம் ஒருமுறை துள்ளி உட்காருகிறது. தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டுகிறது.

கத்தியவள் தமிழச்சி இல்லை. ஓல்யா. உக்ரைனில், கார்கிவ் நகரத்தில், எங்கள் விடுதிக்குக் கீழே ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவள். நான் அங்கே மருத்துவம் படித்தேன். அம்மாவோடு நான் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தமிழ் பிடித்துக்கொண்டாள். அதுவும் எங்கள் மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துத் தமிழ். “வெள்ளக்காரி என்னவிட நல்லா திட்றாடி” என்று அம்மா சிரிப்பாள்.

2022 பிப்ரவரி. போர் தொடங்கிவிட்டது. நிலவறையில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் கிழவர் தண்ணீர் எடுக்க மேலே போகிறார். போனார். குண்டு விழுந்தது. நானும் ஓல்யாவும் அவரைத் தூக்கி வந்தோம். நாடி பார்த்தேன். இல்லை.

ஓல்யா கடலைப் பார்த்ததில்லை. குண்டுச் சத்தம் நிற்கும்போதெல்லாம் கேட்பாள், உங்கள் ஊர் அலை எப்படிச் சத்தம் போடும் என்று. வாயால் செய்து காட்டினேன். சிரித்தாள். ஊருக்குப் போனதும் பதிவு செய்து அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச். ரயில் நிலையம். கூட்டத்தில் நசுங்குகிறேன். படிக்கம்பி கைக்கு எட்டவில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறாள்.

“ஏறுடீ!”

ஏறினேன். திரும்பினேன். அவள் ஏறவில்லை. அவளுடைய அம்மாவால் நடக்க முடியாது. மாடி வீட்டில் கிடந்தார். அவரை விட்டுவிட்டு வரமாட்டாள். கதவு மூடியது. கண்ணாடியில் அவள் உள்ளங்கை. பிறகு வெறும் தண்டவாளம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மீதிப் படிப்பை வேறு நாட்டில் முடித்தேன். குப்பத்தில் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

“டாக்டரம்மா, சண்ட எப்டி இருந்துச்சு? சினிமா மாரியா?” வலையிலிருந்து மீன் பிரிக்கிறவர்கள் கேட்கிறார்கள்.

ஆமாம் என்கிறேன். விசிலுக்குப் பிறகு வரும் அமைதியை யாரிடம் சொல்வது? என்னோடு படுத்து அதைக் கேட்டவள் ஒருத்திதான்.

ஊர் வந்ததுமே அலைச் சத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக். மறுபடி அனுப்பினேன். ஒற்றை டிக். அனுப்புவதை நிறுத்தவில்லை. வருடங்கள் போயின.

போன மாதம். காலை. கரையில் மீன் ஏலம். அம்மா கூடையோடு நிற்கிறாள். அன்றைய அலையை அனுப்புகிறேன். இரண்டு டிக்.

கத்திவிட்டேன். என்னவென்று கேட்டுவிட்டு அம்மா அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். காணாமல் போன படகு கண்ணில் பட்டால் வருகிற குரல் அது.

“கர வந்துட்டா! ஏம் பொண்ணு கூட்டாளி கர வந்துட்டா!”

பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அழுதாள். விற்க வைத்திருந்த சங்கரா மீனை அம்மா அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

மதியம் பதில் வந்தது. ஆங்கிலத்தில். யாரோ ஓர் ஆண். இந்த எண்ணைப் புதிதாக வாங்கியிருக்கிறான். ஓல்யா யாரென்று தெரியாது. கடைசியில் ஒரு கேள்வி: அந்தச் சத்தம் கடலா?

ஆமாம் என்று எழுதினேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“பொணத்தப் பாக்காம எண்ணக் கூடாதுடி.”

எங்கள் குப்பத்தில் அப்படித்தான். உடல் ஒதுங்காதவரை யாரையும் செத்தவர் என்று சொல்லமாட்டோம். வரல என்போம்.

மறக்காமலிருக்க எழுதி வைக்கிறேன். தண்ணீர் எடுக்கப் போன கிழவர் செத்தார். ரொட்டிக் கடை இல்லை. விடுதியின் ஒரு பக்கச் சுவர் இல்லை. என் புத்தகங்களும் வெள்ளைக் கோட்டும் அங்கேயே போயின. அவளுடைய எண்ணும் போயிற்று.

ஓல்யா இன்னும் வரல.