பாதாள வாசலில் ஒரு ஜோடி செருப்பு

முட்டை அட்டையைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது. அதை நனைத்துக் கிழித்துக் கறுப்பு மை பூசினால் எங்கள் விளையாட்டு மேசைக்கு அருமையான குகைச் சுவர் கிடைக்கும். உங்கள் ஸ்டேஷன் வாசலில்கூட ஒரு கட்டு கிடக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. மழை வருவதற்குள் யாரையாவது உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் நான்கு பேர் கூடுவோம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மொக்கையன், நர்ஸ் வேலை பார்த்த லலிதாம்பாள், ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தனியாக இருந்த சீதாராமன், அப்புறம் அழகுமலையாகிய நான். விளையாட்டு, மொக்கையனின் மகள் வெளியூர் போகும்போது விட்டுப்போனது. ஒருவர் கற்பனையில் ஒரு பாதாளம் கட்டி, அதை அறை அறையாகச் சொல்லவேண்டும். மற்றவர்கள் அதற்குள் புகுந்த வீரர்கள். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். பாதாளம் கட்டுவது எப்போதும் நான்தான்.

சட்டம் இரண்டே இரண்டு. மேசையில் நான் பொய் சொல்லக்கூடாது. அவர்கள் எடுத்த முடிவை நான் மாற்றக்கூடாது. வெளியே என்னை அளப்பவன் என்பார்கள். குவாரித் தண்ணீரில் மீசை வைத்த மீன் எனக்கு வணக்கம் சொன்னதைக்கூட யாரும் நம்பவில்லை. மேசையில் மட்டும் நான் அரிச்சந்திரன்.

சீதாராமனுக்கு ஒரு பழக்கம். எந்த அறைக்குள் நுழைவதாக இருந்தாலும், "செருப்பைக் கழட்டி வெளிய விடுறேன்" என்று முதலில் சொல்லிவிடுவார்.

"அது ராட்சசன் குகைண்ணே, மாமியா வீடு இல்ல" என்பார் மொக்கையன்.

"அவனுக்கு அது வீடுதானப்பா. அடுத்தவன் வீட்டுக்குள்ள செருப்போடயா போறது?"

லலிதாம்பாள் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. என் பொறிகளையெல்லாம் தாண்டி வந்து சீதாராமன் பகடையைக் கீழே வைத்தார்.

"கல்லு உருளுது, கதவு மூடுது. பொருட்காட்சில பேய் வீட்டுக்குப் போன மாதிரி இருக்குண்ணே. பயமே வரலையே. நானே ஒரு பாதாளம் கட்டப் போறேன். இனிமே எங்க வீட்டுல வச்சுக்குவோம். அழகுமலை அண்ணனும் வரட்டும், ஒரு ஓரமா உக்காந்து வெளையாடட்டும்."

"அப்ப நான் சுண்டல் கொண்டாரேன்" என்றார் லலிதாம்பாள்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகும் அந்த 'ஒரு ஓரமா' மட்டும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயத்தைப் பார்க்காமலே பயத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே சரக்குச் சேர்க்கக் கிளம்பினேன். ஆனைமலைக் குகையில் படுத்துப் பார்த்தேன். காற்று நன்றாக வந்தது. குவாரிப் பள்ளங்களை எட்டிப் பார்த்தேன். பையன்கள் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பரவைக்கு அப்பால் நான் ஃபோர்மேனாக இருந்த அரிசி ஆலை நினைவுக்கு வந்தது. மூடி வெகு காலமாயிற்று. சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அங்கே நெல் ஊறப்போடும் தொட்டி இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம், வழுவழுவென்று சிமெண்டுச் சுவர், மேலே இரும்பு மூடி.

"அண்ணே, உங்க பாதாளத்துக்கு ஒரு எடம் காட்டுறேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க, தெரிஞ்சா வெளையாட்டு ருசிக்காது" என்றேன் சீதாராமனிடம். அவர் சொல்லவில்லை. விளையாட்டு விஷயத்தில் நாணயமான மனிதர்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் போனோம். ஆலை வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"மூடிக் கெடக்குற மில்லுக்குமாண்ணே?"

"நெல்லு கெடந்த எடம். லட்சுமிண்ணே."

பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அளவெடுக்க ஏணியில் இறங்கினார். போன் பையில் இருந்தது. நான் ஏணியை மேலே இழுத்தேன். கொஞ்ச நேரம் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மேல வர வழி இருக்கா?" என்றார்.

"இருந்துச்சுண்ணே. இப்ப என் தோள்ல இருக்கு."

அவர் சிரித்தார். மூடியை இழுக்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் சாயங்காலம், சீதாராமன் இல்லாததால் என் மாடியிலேயே உட்கார்ந்தோம். "திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருப்பாரு" என்று மொக்கையன் தானாகவே சொல்லிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை. பாதாளத்தைத் தொடங்கினேன்.

"மூடிக் கிடக்கும் ஓர் ஆலை. வாசலில் ஒரு ஜோடி செருப்பு. உள்ளே ஒரு தொட்டி. மூடிக்கு அடியில் ஒரு மனுஷன் தட்டுறான். தொண்டை கட்டிப்போச்சு. என்ன செய்கிறீர்கள்?"

"செருப்பா? சீதாராமன் அண்ணே நமக்கு முன்னாடியே போயிட்டாரு போல" என்று சிரித்தார் லலிதாம்பாள்.

"இது பொறிம்மா. மூடியத் தொறந்தா பேய் புடிச்சுக்கும். வுடு, அடுத்த ரூமுக்குப் போவோம்" என்றார் மொக்கையன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுண்ணே. கெடக்கட்டும் அவன். ஆனா ஒண்ணு, இன்னைக்குத்தான் நெசமாவே ஈரக்கொலை நடுங்குது. எங்கண்ணே புடிச்சீங்க இத?"

"பரவைக்கு அங்கிட்டு ஒரு மில்லுல."

"ஆரம்பிச்சுட்டாருய்யா அளக்க."

என் வாழ்நாளில் அப்படி ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை.

சீதாராமன் போனை எடுக்காமல் நாள் போகப் போக, லலிதாம்பாளுக்கு அந்தச் செருப்பு உறுத்தியிருக்கிறது. உங்களிடம் வந்து சொல்லிவிட்டார். நீங்கள் மூடியைத் திறந்தபோது சீதாராமன் போய்ச் சேர்ந்திருந்தார். ஏணியை எடுத்தது நான், மூடியை இழுத்தது நான், ஆலையைப் பூட்டியதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே மொக்கையன், லலிதாம்பாள் பேரையும் சேருங்கள். நான் இரண்டு தடவை கேட்டேன். முடிவு எடுத்தது அவர்கள். எடுத்த முடிவை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று வெளியே கத்துகிறார்கள். திங்கட்கிழமை மழை பிடித்ததும் பஸ் ஏறி ஆலைக்குப் போனது யார்? நான்தானே. உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவர் செருப்பு நனையக்கூடாதே என்று எடுத்துத் தாழ்வாரத்தில் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் வந்தேன்.