வடக்குப் பக்கத்து நிழல்

அரிசியைக் கொட்டினாலும் கூம்பாகத்தான் குவியும், உப்பைக் கொட்டினாலும் கூம்பாகத்தான் குவியும் சார். யாரும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. திருப்பதியில் பி.எஸ்சி. கணக்குப் படித்தபோது அதற்கெல்லாம் சூத்திரம் எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது வடமாலபேட்டை கல் கிரஷரில் சூப்பர்வைசராகச் சேர்ந்த பிறகுதான். மேலே ஏற்றிக்கொண்டுபோகும் பெல்ட்டின் நுனியிலிருந்து கல்பொடி வளைந்து விழும். பரவளையம். விழுந்த இடத்தில் கூம்பு எழும். காய்ந்த பொடி ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, தானே சரிந்துகொள்ளும். ஈரப் பொடி அப்படியில்லை. அடியில் வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும், மேலே பாரம் விழும்வரை.

தங்கச்சி யமுனாவுக்கு நான்கு வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். தலை பின்னிவிட்டது நான். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது நான். சிரஞ்சீவிக்கு அவளைக் கட்டிவைத்ததும் நான்தான். எங்கள் கிரஷரிலேயே பொடி அள்ளும் லோடர் வண்டி ஓட்டுபவன், குடிக்க மாட்டான், பக்கத்துத் தெரு. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

அவன் குவைத்துக்கு விசா எடுத்தான். ஒரே வீட்டில் அவனுக்கு டிரைவர் வேலை, அவளுக்குச் சமையல் வேலை. யமுனாவைத் தனியாகக் கேட்டேன். "போறேண்ணா. எத்தினி நாளுக்கு உன் கண்ணு முன்னாலயே இருந்துக்கினு இருக்கறது?" என்று சிரித்தாள். அது அவன் சொல்லிக்கொடுத்த பேச்சு. அவளாக அப்படிச் சொல்ல மாட்டாள்.

டிசம்பர் மழை விட்ட மூன்றாம் நாள், பொடிக் குவியலின் வடக்குப் பக்கத்தை லோடரால் அடியில் வெட்டச் சிரஞ்சீவியிடம் சொன்னேன். சுத்தமாக வெட்டினான். நல்ல வேலைக்காரன். மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர் நின்றது. மதியம் பெல்ட்டை நிறுத்தினேன், அதன்மேல் பொடி இருக்கும்போதே. மற்றவர்கள் ரோட்டோர ஓட்டலுக்குப் போனார்கள். அவன் யமுனா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு நின்றான்.

"அந்தாண்ட நெழலா கீது மாப்ள. குந்தித் துன்னு," என்றேன்.

"ஈரமா கீதே, நிக்குமா மச்சான்?"

"கணக்குப் படிச்சவன் சொல்றேன். நிக்கும்."

போய் உட்கார்ந்தான். நான் பெல்ட் சுவிட்ச் இருக்கும் பேனல் ரூமுக்குப் போனேன். ஜன்னலிலிருந்து அவன் முழங்கை மட்டும் தெரிந்தது. சோறு பிசைந்துகொண்டிருந்தான். பெல்ட் போடும் முன் சைரன் அடிக்க வேண்டும். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான். சைரன் அடிக்கவில்லை. பெல்ட்டை மட்டும் போட்டேன். பொடி எப்போதும்போல் வளைந்து போய் உச்சியில் விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய சத்தமெல்லாம் இல்லை, தார்ப்பாயை இழுத்த மாதிரி. பிறகு முழங்கை தெரியவில்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். மண்வெட்டியால் ஆகிற வேலையில்லை, லோடர் வேண்டும். அதன் சாவி அவன் பாக்கெட்டில், அவனோடு உள்ளே. "இன்னொரு சாவி எங்க சார்?" என்று வெங்கடசாமி கத்தினான். அவனும் லோடர் ஓட்டத் தெரிந்தவன். தேடுகிறேன் என்று ஆபீசுக்குள் போனேன். இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். இருபது நிமிடம். சாவி காலையிலிருந்தே என் சட்டைப் பையில் இருந்தது.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். நீங்கள் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யமுனா வெளியே பெஞ்சில் இருக்கிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். புகார் கொடுத்ததே அவள்தானாம். இருக்கட்டும், துக்கத்தில் இருக்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன் சார். இப்போது என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?