ஈரம் காயாத டப்பா

இல்லக்கா, உங்க சமையல்கட்ட நான் குறையே சொல்லல. சுத்தமாத்தான் இருக்கு. வீடு பாக்க வந்தவ இப்படி மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறாளேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தப் பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்சப் பாத்ததும் கை தானா மூக்குக்குப் போயிடுச்சு, அவ்ளோதான்.

காரணத்தச் சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டுக்காரர் பொம்மை விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பார். பிளாஸ்டிக்ல துண்டு துண்டா வரும், ஒட்டிக் கலர் அடிக்கணும். அந்த அக்ரிலிக் பெயிண்ட் இருக்கே, சும்மா தட்டுல ஊத்தினா கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள காஞ்சிடும். அதுக்குன்னு வெட் பேலட்னு ஒண்ணு வச்சிருக்கார். பெரிய விஷயமெல்லாம் இல்ல, மூடி போட்ட தட்டையான டப்பா. அடியில ஈர ஸ்பாஞ்சு, அதுமேல பேப்பர், பேப்பர் மேல பெயிண்ட். மூடி வச்சா நாள்கணக்குல காயாது. ஆனா ஸ்பாஞ்ச அலசணும், தண்ணிய மாத்தணும். விட்டா அழுகிப்போயிடும்.

எங்கப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன். பாத்துக்க ஆளில்லன்னு பொண்ணையும் தூக்கிக்கிட்டு அங்க போய் ரெண்டு மாசம் இருந்தேன். இவர் தினம் போன் பண்ணுவார். நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டா, பெயிண்ட் அடிச்சிட்டிருக்கேம்மா, இன்னைக்கு றெக்கைக்குப் பச்சை, நாளைக்கு வால்ல சிவப்புக் கோடுன்னு அவ்ளோ வெவரமாச் சொல்வார். தனியாக் கெடக்குறாரேன்னு எனக்கு மனசே கேக்காது.

திரும்பி வந்து, மேசையத் தொடைக்கலாம்னு அந்த மூடியத் தொறந்தேன் பாருங்க. உவ்வே! எலி செத்த நாத்தம். பேப்பர் பூரா கறுப்பும் சாம்பலுமா, முடி மொளச்ச மாதிரி பூஞ்சை. பக்கத்துல விமானம், நான் போனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே. றெக்கையில ஒரு பொட்டு பச்சை கெடையாது.

கேட்டேன். ஸ்பாஞ்சு மட்டமான சரக்காம்!

தினம் தொறந்து வேலை செய்ற டப்பாவுல பூஞ்சை பிடிக்குமாக்கா? வெக்கங்கெட்ட ஜென்மம். கலர் மொதக்கொண்டு சொன்னாரே, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல.

அந்தக் கண்றாவியக்கூட வெறுங்கையால வழிச்சுப் போட்டேன். அப்புறம் சமாதானம் பண்றேன்னு என் தோள்ல கை வச்சார். அய்யே! ஓடிப்போய்க் குளிச்சேன்.

குடிவர்றது எத்தனை பேரா? ரெண்டே பேர்தான்க்கா. நானும் பொண்ணும். அவர் வரமாட்டார். கூட வேலை பாக்குறவ ஒருத்தி இருக்கா, அந்த ரெண்டு மாசமும் அவ வீட்டுலதான் இருந்திருக்கார். இந்த மாடி வரைக்கும் தண்ணி நல்லா ஏறுமாக்கா?