தொண்ணூறு எண்ணிப் போட்ட முட்டை

"இது முட்டையா, மூக்குச்சளியா?"

"தொண்ணூறு எண்ணித்தாங்க எடுத்தேன்."

"எந்த ஊர்த் தொண்ணூறுடி அது? தட்டைச் சாய்ச்சா மடியில வந்து உக்காருது."

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நான் என்னத்தைத் தின்னுட்டு டூட்டிக்குப் போறேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

எனக்குக் கேட்டது. இந்தக் கட்டடத்தின் சுவர்கள் அப்பளம் மாதிரி. அவற்றை நான் கட்டவில்லை. கண்ணுக்கு இமை வைத்த கடவுள் காதுக்கு வைக்காமல் விட்டதற்கும் நான் பொறுப்பில்லை.

நீங்கள் கேஸ் குழாய் பார்க்க வந்தவர். பக்கத்து வீட்டு அடுப்பில் தீ திடீரென்று இறங்கிவிடுகிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வந்த இடத்தில் என் அடுப்பைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு நாலு பர்னர் எதுக்கும்மா?" என்று கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன். கேட்காதவர்களிடம் போய்ச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதாவது, என்னைப் பற்றி.

நான் சொன்ன சண்டை இதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களுடையது. அவன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். கட்டடத்தில் எல்லோருக்கும் அவன் செக்கர். தட்டில் விழுந்த முட்டையையும் டிக்கெட்டைப் போலவே பார்ப்பான். திருப்பி, தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து. வெள்ளை இறுகியிருக்க வேண்டும், மஞ்சள் ஆடவேண்டும், ஓரம் மட்டும் முறுகியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் அபராதம்தான்.

அவளோ மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். பேசிக்கொண்டே எண்ணுவாள், ஒன்று கூடாது, குறையாது. "என் கைக்கே கணக்கு தெரியும்கா" என்று சிரிப்பாள். முட்டையையும் அப்படித்தான் போட்டாள். வாணலியில் உடைத்து ஊற்றி, மூடி போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவாள். அவனுடைய சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே வாய்விட்டு எண்ணுவாள். தொண்ணூறு சொன்னதும் திரும்பி மூடியைத் திறப்பாள். தீயைப் பார்த்தால் எண்ணிக்கை குழம்புமாம். வந்த புதிதில் ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்தாள். எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டார். தட்டில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் வழித்து நக்கினார்.

இருபத்திரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவர். என் தட்டை ஒருநாளும் நக்கியதில்லை. என் முட்டை கொஞ்சம் கெட்டியாக வரும், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மகன் சின்னப் பையனாக இருந்தபோது அதைச் சுவரில் அடித்து விளையாடியிருக்கிறான். ஆனாலும் நக்குவது வேறு விஷயம்.

அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அற்பமானவள் இல்லை.

தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு காலை குளிக்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர், பால் என்று மூன்று அடுப்பையும் முழுதாகத் திறந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொண்ணூறு முடிந்தது; உடனே செக்கரின் குரல். முட்டை கொழகொழவென்று இருந்ததாம். மறுநாள் திறக்கவில்லை, சத்தமும் இல்லை. அடுத்த நாள் திறந்தேன், மூக்குச்சளி. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய் என்று நீங்கள் இன்று கண்டுபிடித்தீர்கள். எனக்கு மூன்று முட்டையில் தெரிந்துவிட்டது.

வேலை சுலபம். அவள் வாய்விட்டு எண்ணுவாளே. பத்தில் திறப்பேன், எண்பத்தைந்தில் மூடுவேன். அவள் திரும்பும்போது தீ நல்ல பிள்ளையாக நிற்கும். நூற்றிருபது வரை எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கு நான் அடுப்புப் பக்கமே போகவில்லை, முட்டை செருப்பாகிவிட்டது. கவனியுங்கள், அன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. பாதித் தப்பு அவளுடையது.

வாரத்தில் இரண்டு நாள் சரியாக வர விட்டுவிடுவேன். நானும் மனுஷிதானே. அந்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

நாலு மாதம் கழித்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"அக்கா, என் கை போச்சுக்கா. கடையிலயும் ஒவ்வொரு சீட்டுக்கும் மாத்திரையை மூணு தடவை எண்றேன். பின்னாடி வரிசை வாசல் வரைக்கும் நிக்குது."

"கண்ணு, ரத்தம் கம்மியா இருக்கும். பேரீச்சம்பழம் சாப்பிடு."

"ரெண்டு நிமிஷம் எண்ணத் தெரியாதவளை நம்பி ஊரே மருந்து வாங்குதுன்னு அவர் சொல்றார். சரிதானேக்கா? ஏதாவது குழந்தைக்கு ஒண்ணு கூடக் கொடுத்துட்டேன்னா?"

கண்ணைத் துடைத்துவிட்டேன். பழமும் நானே வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே அவள் வேலையை விட்டுவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, முதலாளி கெஞ்சினாராம். இதையும் என் தலையில் கட்ட முடியாது.

வீட்டிலேயே இருந்ததால் முட்டை இன்னும் கவனமாக வந்தது. தொண்ணூறை நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். மூன்று பர்னர் போதவில்லை. அப்போது வாங்கியதுதான் இந்த நாலு பர்னர் அடுப்பு. தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய் இல்லை, சீக்கிரம்தான் கொதிக்கிறது.

அடுப்பு வந்த மறுநாள் நான்கையும் திறந்தேன். அவ்வளவு இழுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே தீ இறங்கவில்லை, அணைந்தே போய்விட்டது. வழக்கம்போல எண்பத்தைந்தில் மூடினேன். அங்கே கேஸ் மறுபடி வந்தது, தீ இல்லாமல். அவள் மூடியைத் திறந்து பச்சை முட்டையைப் பார்த்து நின்றாள். செக்கர் பாய்ந்து வந்தான்.

"நகரு. ஒரு முட்டை எப்படிப் போடறதுன்னு நான் காட்டறேன்."

தீக்குச்சி கிழிக்கும் சத்தம் வரைக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. மீசையும் புருவமும் போய், அவனே உரித்த முட்டை மாதிரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். வலது கைதான் பிறகு சரியாக மடங்கவில்லை. அவளுக்குக் கழுத்தில் ஒரு கை அகலம் வெந்துபோனது. புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள்.

கட்டடச் செயலாளர் விசாரித்தார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "பாவம், கொஞ்ச நாளாவே அவளுக்குக் கவனமே இல்ல. அடுப்பைப் பத்த வெச்சோமாங்கிறதுகூட மறந்துபோகுது" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். தலையை ஆட்டினாள்.

"அக்கா சொல்றது சரிதாங்க. நான்தான் மறந்திருப்பேன்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா இல்லாவிட்டால் தன்னைக் கிறுக்கு என்றே எழுதியிருப்பார்கள் என்று நன்றி சொன்னாள். நான் செய்த உதவியை அவளே உணர்ந்திருக்கிறாள், பாருங்கள்.

அந்த மாதக் கடைசியில் பெட்டியோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது வாணலியை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு இனிமே எதுக்குக்கா?" அதில்தான் இப்போது போடுகிறேன். தொண்ணூறு எண்ணுகிறேன், நூறு எண்ணுகிறேன். செருப்புதான் வருகிறது. குறை வாணலியில் என்று நினைக்கிறேன்.

அப்புறம் என்ன. செக்கர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய், முட்டை வாசமே ஆகாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். காலையில் வாழைப்பழமாம். அண்ணன் வீட்டுக்குப் போனவளோ அவனோடு விவாகரத்தை முடித்துக்கொண்டு, பஸ் நிலையத்து வாசலில் ஒரு தள்ளுவண்டி போட்டாள். தனி சிலிண்டர். முட்டை மட்டும்தான். முதல் முட்டையே சரியாக வந்துவிட்டதாம், அந்த வீடுதான் தனக்கு ஆகவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறாளாம். போன மாதம் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவர் எதைப் போட்டாலும் "நல்லாருக்கு" என்று தின்கிற ரகம். அவருக்குப் போய் அந்த முட்டை.

எங்கள் வீட்டுக்காரர் இப்போது தினமும் காலையில் நடக்கப் போகிறார். டாக்டர் சொன்னாராம். திரும்பி வரும்போது மீசை ஓரத்தில் மஞ்சள் இருக்கும். "அந்தப் பொண்ணு உன்னை ரொம்ப விசாரிச்சா" என்பார். நான் போடும் முட்டையை முழுதாகத் தட்டிலேயே விட்டுவிடுவார்.

புதிதாக வந்தவர்கள் சமைக்கும்போது இரண்டே முறைதான் நாலையும் திறந்தேன், குழாய் பழையபடி இருக்கிறதா என்று பார்க்க. நீங்கள் தாராளமாகத் தனிக் குழாய் போடுங்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு விரோதமும் கிடையாது.

ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் இந்த வேலை தெரிந்தவர். தள்ளுவண்டியில் வைக்கிற தனி சிலிண்டர் இருக்கிறதே, அதில் தீ எப்படி இறங்கும்? சும்மா, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.